லண்டூரியின் குஞ்சுகள்

லாங் ஐலண்ட், அந்தமான்
12-2-1966

சந்திராவுக்கு,

போன வருஷம் நான் போட்ட கடிதங்கள் ஒன்றுக்கும் நீ பதில் எழுதவில்லை. அதனால் இதில் குடும்ப விஷயம் எதுவும் கிடையாது. இது கோழி விஷயம். உன் படிப்பைச் சேர்ந்தது. கோழிக்காகவாவது பேனாவை எடுப்பாய் என்று ஒரு நப்பாசை.

மார்கழியில் எங்கள் கால்நடைத் துறைக்கு மெயின்லேண்டிலிருந்து ஒரு பெட்டி லெகான் முட்டை வந்தது. இங்கே குடியேறியவர்களுக்கு நல்ல ஜாதிக் கோழி கொடுக்க வேண்டும் என்று திட்டம். உமிக்குள் புதைத்து, கப்பலில் போர்ட் பிளேர் வரை வந்து, அங்கிருந்து மோட்டார் படகில் இந்தத் தீவுக்கு வந்தது. வழியெல்லாம் கடல் ஒரே ஆட்டம். போதாததற்கு ஜெட்டியில் இறக்கியவன் பெட்டியைத் தொப்பென்று போட்டான். முட்டைகளை ஊர்க்கோழிகளுக்கு அடியில் அடைக்கு வைத்தேன். பாதிக்கு மேல் கூழாகிவிட்டன. பொரிந்தவற்றில் மூன்று குஞ்சுகளுக்கு வால் இல்லை.

இறகு முளைக்கவில்லை என்று நினைக்காதே. வால் எலும்பே இல்லை. முதுகோடு விரலை வைத்துத் தடவிக்கொண்டு போனால், முடிய வேண்டிய இடத்துக்கு முன்பே முதுகு முடிந்துவிடுகிறது. பின்பக்கம் உருண்டையாக இருக்கிறது.

பக்கத்து வீட்டு ரோசலின், படகு ஓட்டும் சிலுவைராஜின் மனைவி, தூத்துக்குடிப் பக்கம். பார்த்துவிட்டு, "என்ன சார், முட்டைக்குள்ளயே போயி எலி கடிச்சிட்டாக்கும்?" என்று கேட்டாள். எதிர்வீட்டு வங்காளிக் குழந்தைகள் "லண்டூரி, லண்டூரி" என்று பின்னாலேயே ஓடுகின்றன. வால் இல்லாததற்கு இங்கத்து இந்தியில் அதுதான் பெயர்.

எனக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான். இது ரத்தத்தில் வந்ததா, வந்த வழியில் நேர்ந்ததா? இந்தக் கேள்வியைப் படித்ததும் உனக்கு என்ன தோன்றும் என்று தெரியும். தெரிந்துதான் கேட்கிறேன்.

ஜம்புலிங்கம்


புரசைவாக்கம், சென்னை
9-3-1966

அத்தானுக்கு,

கோழிக்கு மட்டும் பதில்.

நான் மறுபடியும் கல்லூரியில் டெமான்ஸ்ட்ரேட்டராகச் சேர்ந்துவிட்டேன். மாணவிகளுக்கு முட்டையைத் திறந்து காட்டுவதுதான் வேலை. ஓட்டில் தபால்தலை அளவு ஜன்னல் வெட்டுவேன். அடைக்கு வைத்த இரண்டாம் நாளில் மஞ்சள் கருவின் மேல் ஒரு வெள்ளைக் கோடு தெரியும். கோட்டின் இரண்டு பக்கமும் சின்னச் சின்னக் கட்டிகள், ஜோடி ஜோடியாக இருக்கும். மல்லிகைச் சரம் கட்டும்போது இந்தப் பக்கம் இரண்டு, அந்தப் பக்கம் இரண்டு என்று பூவை வைத்து முடிச்சுப் போடுவோமே, அப்படி. தலைப்பக்கம் தொடங்கி ஒன்றரை மணிக்கு ஒரு முடிச்சாக இறங்கிக்கொண்டே போகும். பிறகு முதுகெலும்பின் கணுக்கள் ஆவது அவைதான்.

கடைசியில் ஒரு சின்ன மொட்டு நிற்கும். வால்மொட்டு. வாலின் கணுக்கள் அத்தனையும் அதிலிருந்து பிரிந்து வருபவை. மொட்டு சீக்கிரம் வாடிவிட்டால் வால் இல்லை. உங்கள் குஞ்சுகளுக்கு நடந்தது அதுதான்.

ஏன் வாடியது என்பதற்கு இரண்டு வழி உண்டு. ஒன்று ரத்தத்தில் வருவது. மற்றது விபத்து. அடைக்கு வைக்கும் முன்பு முட்டையைப் பலமாகக் குலுக்கினால்கூடச் சில குஞ்சுகள் இப்படிப் பிறக்கும் என்று ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். கோழியைப் பார்த்துச் சொல்ல முடியாது, அதன் குஞ்சைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். வளர்த்து, வாலுள்ள சேவலோடு விடுங்கள். ரத்தம் என்றால் ஏறக்குறையப் பாதிக் குஞ்சுகள் வாலில்லாமல் வரும். விபத்து என்றால் எல்லாமே வாலோடு வரும்.

கோழி முடிந்தது. இனி நான்.

நான் பிரசவத்துக்கு வந்திருந்த இந்த வீட்டுக்குப் போன சித்திரையில் நீங்கள் கப்பல் பிடித்து வந்து சேர்ந்தபோது பாப்பா இல்லை. முதுகெலும்பின் அடிப்பக்கம் மூடாமல் பிறந்து, பெயர் வைப்பதற்குள் போய்விட்டாள். நீங்கள் அவளைப் பார்க்கவே இல்லை. வந்து உட்கார்ந்து, தண்ணீர் குடித்துவிட்டு, முதலில் கேட்டது இதுதான்: "உங்க வீட்ல யாருக்காவது முதுகுல இப்படி இருந்திருக்கா?"

மாடு வாங்கும் முன்பு தரகரிடம் கேட்பது போலக் கேட்டீர்கள். உங்கள் அம்மா என் அப்பாவின் கூடப்பிறந்தவர். எந்த வீட்டை அத்தான் நீங்கள் 'உங்க வீடு' என்றீர்கள்?

சந்திரமதி


லாங் ஐலண்ட்
22-5-1966

அன்புள்ள சந்திரா,

உன் கடிதம் போர்ட் பிளேரில் தங்கிக் கிடந்துவிட்டு மெதுவாக வந்தது. பதில் எழுத நானும் நாளெடுத்துக்கொண்டேன். ஜன்னல் வைத்த முட்டையை நினைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தேன். ரோசலின் வந்து, "சாருக்குக் காய்ச்சலா?" என்று கேட்டாள்.

ஒரு குஞ்சைப் பருந்து தூக்கிவிட்டது. இன்னொன்று தானாகச் செத்தது. மூன்றாவது பெட்டை, பிழைத்துவிட்டாள். லண்டூரி என்றே கூப்பிடுகிறேன், வருகிறாள். மழை தொடங்கிவிட்டது. வால் இல்லாததால் வாலடியில் இருக்க வேண்டிய எண்ணெய்ச் சுரப்பியும் அவளுக்கு இல்லை. இறகில் பூசிக்கொள்ள எண்ணெய் கிடையாது. மற்றக் கோழிகள் ஒரு உதறு உதறிவிட்டுப் போகும்போது இவள் ஊறிப்போய் நிற்பாள். நான் தூக்கி வந்து அடுப்புப் பக்கத்தில் சாக்கு விரித்து வைப்பேன். சோறு வேகும்வரை என்னையே பார்த்துக்கொண்டிருப்பாள். பேச்சுத் துணைக்குப் பரவாயில்லை. எதிர்த்துப் பேசாத ஒருத்தி.

அந்தக் கேள்வியைப் பற்றி. வாயில் வேறு வார்த்தை வரவில்லை சந்திரா. கப்பலில் வந்த நாளெல்லாம் பாப்பாவிடம் என்ன சொல்லிக் கொஞ்சுவது என்று யோசித்துக்கொண்டு வந்தேன். வந்தால் தொட்டிலை அவிழ்த்துக்கொண்டிருக்கிறார்கள். தினமும் வேலையில் கேட்டுப் பழகிய கேள்விதான் வாயில் நின்றது.

ரத்தம் இல்லை என்று ஆகிவிட்டால் என்ன மிஞ்சும் என்பதையும் யோசித்துவிட்டேன். என் தந்திதான் மிஞ்சும். கல்யாணமான புதிதில், குடும்பம் வந்து இருந்தால்தான் குவார்ட்டர்ஸ், இல்லாவிட்டால் அடுத்தவருக்கு என்றார்கள். உன் அம்மா ஆடியில் புதுப்பெண்ணை அனுப்பமாட்டேன் என்று எழுதினார். நான் உடனே புறப்படு என்று தந்தி அடித்தேன். ஆடிக் கடலில் நீ வந்தாய்.

ஜம்பு


புரசைவாக்கம்
3-7-1966

அன்புள்ள அத்தான்,

இரண்டு வாரத்தில் மறுபடியும் ஆடி வந்துவிடும். அம்மாவுக்கு எல்லாவற்றுக்கும் காரணம் அந்த ஆடிதான். உங்களுக்குப் போன வருஷம் ரத்தம், இந்த வருஷம் தந்தி. எனக்குக் கப்பல். அந்தப் பயணத்தில் எழுந்து நிற்க முடியாமல் வாந்தி எடுத்தேன், கடல் ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்தேன். பாப்பா அப்போதே வந்துவிட்டாள். சரம் கட்டி முடிகிற நாட்கள் அவளுக்கு அவையாகத்தான் இருந்திருக்கும். கப்பலின் ஒவ்வொரு தூக்கலையும் இப்போது படுக்கையில் படுத்துக்கொண்டு எண்ணிப் பார்க்கிறேன்.

ஒரு கனவு திரும்பத் திரும்ப வருகிறது. கடல் முழுக்க மஞ்சள் கரு. வெதுவெதுப்பாக, அலையே இல்லாமல் கிடக்கிறது. நான் அதன் மேல் உட்கார்ந்து சரம் கட்டுகிறேன். பூ கைக்குத் தானாக வருகிறது. சரம் நீண்டு நீண்டு உங்கள் தீவை நோக்கிப் போகிறது. ஜெட்டியில் நீங்கள் சட்டைப்பையில் கைவிட்டு ஏதோ தேடிக்கொண்டு நிற்கிறீர்கள். இன்னும் ஒரு முழம்தான் என்று நினைக்கும்போது நார் தீர்ந்துவிடுகிறது. மடி நிறையப் பூ இருக்கிறது, நார் இல்லை. விழித்த பிறகும் விரல்கள் முடிச்சுப் போட்டுக்கொண்டே இருக்கின்றன.

லாபில் மாணவிகள் போன பிறகு விளக்கை அணைக்காமல் ஒரு முட்டையைப் பார்த்துக்கொண்டிருப்பேன். நடுவில் கடுகளவு இதயம் துடிக்கும். அதற்கு ரத்தம் பற்றியும் தெரியாது, கப்பல் பற்றியும் தெரியாது. அடுத்த முடிச்சைப் போடும். எனக்குப் பொறாமையாக இருக்கும்.

தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். லண்டூரி முடிவு செய்யட்டும். அவள் குஞ்சுகள் வாலோடு பிறந்தால், நேர்ந்தது வழியில் நேர்ந்தது என்று வைத்துக்கொண்டு அங்கே வருகிறேன். இன்னொரு குழந்தைக்கு எனக்குத் துணிச்சல் வரும். வாலில்லாமல் ஒன்று வந்தாலும், அது ரத்தம். உங்களுடையதும் என்னுடையதும் ஒரே ரத்தம். நான் இங்கேயே இருந்துவிடுகிறேன். நீங்கள் அங்கே இருங்கள். பகை என்று வேண்டாம்.

கோழியிடம் கேட்கிறாளே என்று சிரிக்காதீர்கள். வேறு யாரிடம் கேட்பது?

சந்திரா


லாங் ஐலண்ட்
28-8-1966

அன்புள்ள சந்திரா,

சிரிக்கவில்லை. லண்டூரி ஆனியில் முட்டையிடத் தொடங்கினாள். முதல் முட்டையைப் போட்டுவிட்டுத் தீவுக்கே கேட்கும்படி கத்தினாள். லெகானுக்கு அடைகாக்கும் பொறுமை கிடையாது, அதனால் ரோசலினின் கறுப்புக்கோழியைக் கேட்டு வாங்கி அடைக்கு வைத்தேன். ஒரு வாரம் கழித்து டார்ச் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் ஒன்றிலும் ஒன்றும் இல்லை. எல்லாம் வெறும் முட்டை.

அன்று எனக்கு என்ன தோன்றியது என்று மறைக்காமல் எழுதுகிறேன். நிம்மதியாக இருந்தது. முடிவு தள்ளிப்போய்விட்டது என்ற நிம்மதி. அப்புறம் அதற்காக வெட்கப்பட்டேன்.

காரணம் பிறகு புரிந்தது. உனக்கு எழுத எனக்குக் கூச்சமாக இருக்கிறது, நீ விலங்கியல் படித்தவள் என்பதால் எழுதுகிறேன். வால் இல்லாததால் பின்னிறகுகள் எல்லாம் கீழே வழிந்து வாசலை மூடிக்கொள்கின்றன. சேவலின் முயற்சி வீணாகப் போகிறது. கத்தரிக்கோல் எடுத்து இறகை ஒட்ட வெட்டிவிட்டேன். மடியில் போட்டு நான் வெட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்த சிலுவைராஜ், "சாரு கோழிக்கு முடி வெட்டுதாரு, நம்ம தலைக்கும் வெட்டுவாராம்" என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறான்.

மழை ஓயட்டும். இந்த ஈரத்தில் அடைக்கு வைப்பது சரியில்லை. மார்கழியில் வைக்கிறேன். நீ அதுவரை இருப்பாய் அல்லவா?

ஜம்பு


புரசைவாக்கம்
2-10-1966

அன்புள்ள அத்தான்,

எங்கே போகப்போகிறேன்.

எங்கள் பேராசிரியை நீலாவதி அம்மாளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. ஒரு மாணவி கை தவறி ஒரு முட்டையைப் போட்டுவிட்டாள், நான் அழுதுவிட்டேன். அவர் கதவைச் சாத்தினார், கேட்டார், சொன்னேன்.

"பைத்தியமா உனக்கு? அது உமியில கிடந்த முட்டை. உன் குழந்தை உன் தண்ணிக்குள்ள மிதந்துட்டு இருந்தது. கப்பல் ஆடினா உனக்குத்தான் ஆட்டம். ஏன் அப்படிப் பிறக்குதுன்னு இன்னைக்குத் தேதிக்கு யாருக்கும் தெரியாது. கோழிக்கு வர்ற பதில் கோழிக்குத்தான்" என்றார்.

எனக்குக் கோபம்தான் வந்தது. ஒரு பதில் கிடைக்கும் என்று இத்தனை மாதம் காத்திருந்தேன், அதையும் பிடுங்கிக்கொண்டாரே என்று. இரண்டு நாள் அவரோடு பேசவில்லை.

பிறகு லாபில் வளர்ந்த கரு ஒன்றின் வாலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உங்களுக்கு ஒன்று சொல்ல மறந்திருக்கிறேன். வால்மொட்டு தேவைக்கு அதிகமாகவே கணுக்களைப் போட்டுவிடுகிறது. பிறகு நுனியில் சில கரைந்துபோகின்றன. அவற்றுக்கு முந்திய சில ஒன்றாகச் சேர்ந்து, கலப்பைக் கொழு மாதிரி ஒரே எலும்பாகின்றன. பறவையின் வால் இறகுகள் அதில்தான் ஊன்றி நிற்கும். போட்ட முடிச்சை எல்லாம் வைத்துக்கொள்ள வேண்டும் என்று அதற்குக் கட்டாயம் இல்லை.

நன்றாக இருக்கிறது இல்லையா. வேறொன்றும் இல்லை. லண்டூரிக்கு முடி வளர்ந்துவிட்டதா?

சந்திரா


லாங் ஐலண்ட்
30-12-1966

அன்புள்ள சந்திரா,

இதை விமானத் தபாலில் போடச் சொல்லி சிலுவைராஜிடம் கொடுத்தனுப்புகிறேன்.

லண்டூரியின் முட்டைகளைக் கறுப்புக்கோழிக்கு அடியில் வைத்தாயிற்று. நேற்று டார்ச் வெளிச்சத்தில் பார்த்தேன். உள்ளே சிவப்பாக, சிலந்தி கால் விரித்த மாதிரி நரம்புகள். நடுவில் புள்ளி அசைந்தது. நீ சொல்லி வந்ததெல்லாம் என் உள்ளங்கையில் இருந்தது. ஓடு சூடாக இருந்தது. எத்தனை முடிச்சு போட்டிருக்குமோ என்று நினைத்துக்கொண்டேன். திருப்பி வைக்க மனமே வரவில்லை. கறுப்பு கொத்திய பிறகுதான் வைத்தேன்.

பொங்கலை ஒட்டிப் பொரியும். எனக்குத் தூக்கம் இல்லை. வாலோடு வந்தால் நீ வருவாய். ஆனால் என் தந்தியையும் பெட்டியில் வைத்துக்கொண்டு வருவாய். ஆடி வரும்போதெல்லாம் அதை எடுத்துப் பார்ப்பாய். வாலில்லாமல் வந்தால் நீ வரவே மாட்டாய். எது வந்தாலும் நம்மில் ஒருவர் தலையில் பழி விழுந்துதான் தீரும். இப்படி ஒரு தீர்ப்பை ஒரு கோழி தலையில் கட்டியிருக்க வேண்டாம். அதுவோ வெளியே கூடையைச் சுற்றிச் சுற்றி வருகிறது, தன் முட்டைகள்தான் உள்ளே இருக்கின்றன என்று தெரிந்தது மாதிரி.

பாப்பா யார் ஜாடை என்று நான் இதுவரை கேட்கவில்லை. கேட்க வேண்டிய முதல் கேள்வி அதுதான். இப்போது கேட்கிறேன்.

ஜம்பு


புரசைவாக்கம்
8-1-1967

அன்புள்ள அத்தான்,

உங்கள் ஜாடை. மூக்கும் நெற்றியும் அப்படியே. தூங்கும்போது கீழுதட்டை உள்ளே இழுத்துக்கொள்வாள், நீங்கள் கணக்குப் போடும்போது செய்வீர்களே அப்படி. நீங்கள் கேட்டதைப் படித்ததும் கூடத்தில் உட்கார்ந்து அழுதேன். அம்மா பயந்துவிட்டார்.

கப்பலுக்கு டிக்கெட் எடுத்துவிட்டேன், அதனால் இதையும் விமானத் தபாலில்தான் போடுகிறேன். பதின்மூன்றாம் தேதி புறப்படுகிறது, பொங்கல் எனக்குக் கடலில்தான். இது தை மாதக் கடல், படுத்துக் கிடக்கும் என்கிறார்கள். நீங்கள் தந்தி அடிக்கவில்லை, யாரும் கூப்பிடவில்லை, நானாக வருகிறேன். இதை எழுத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் சண்டை வந்தால் காட்டலாம்.

ஒரே ஒரு வேண்டுதல். குஞ்சு பொரிந்தால் வாலைப் பார்க்காதீர்கள். பார்த்தாலும் ஜெட்டியில் என்னிடம் சொல்லாதீர்கள். வாலைப் பார்த்துவிட்டு நான் கப்பல் ஏறினேன் என்று ஒருநாளும் ஆகக் கூடாது. இருந்தாலும் வருகிறேன், இல்லாவிட்டாலும் வருகிறேன். இன்னொரு குழந்தையைப் பற்றி எனக்கு இன்னும் பயம்தான். அந்தப் பயத்தை இங்கே வைத்துக்கொண்டு தனியாக இருப்பதைவிட, அங்கே கொண்டுவந்து உங்களிடம் பாதி கொடுக்கிறேன்.

மூன்று கண்டு நார் எடுத்து வைத்திருக்கிறேன். தீவில் கிடைக்காது என்று அம்மா சொன்னார்.

சந்திரா


போர்ட் பிளேர் ஜெட்டி
17-1-1967

சந்திரா,

இதைத் தபாலில் போடப்போவதில்லை. நீ இறங்கியதும் உன் கையில் கொடுக்கத்தான் எழுதுகிறேன். உன்னைப் பார்த்ததும் வாய் என்ன சொல்லும் என்று எனக்கு நம்பிக்கை இல்லை. போன தடவை அது செய்த வேலை உனக்கே தெரியும்.

நேற்றுக் காலை நான் படகுக்குப் புறப்படும்போது கூடைக்குள் கீச்சுக் கீச்சென்று சத்தம். பொரிந்துவிட்டன. கறுப்புக்கோழி இறக்கையை அகட்டி எல்லாவற்றையும் மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. ஒன்று மட்டும் இறக்கைக்கு அடியிலிருந்து பின்பக்கமாக நகர்ந்து வெளியே வரப் பார்த்தது. நான் திரும்பிக் கடலைப் பார்த்தேன். என் தொழிலில் குஞ்சு பொரியும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

ஆனால் ரோசலின் பார்த்துவிட்டாள். கூடையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "சார், பாத்துட்டேன், சொல்லவா?" என்றாள்.

"வாயத் தொறக்காத, தாயே" என்றேன்.

"அக்கா வந்து கேட்டா?"

"கேட்டாலும் சொல்லாத. அவங்களே பாத்துக்கட்டும்."

"எனக்கு வயித்துக்குள்ள நிக்காதே சார்" என்றாள். சிரிக்கிறாளா என்று பார்க்கக்கூட நிமிராமல் படகில் ஏறிவிட்டேன். வரும் வழியெல்லாம் சிலுவைராஜ் என் முகத்தைப் பார்ப்பதும் எஞ்சினைப் பார்ப்பதுமாக இருந்தான். அவனிடமும் அவள் சொல்லிவிட்டாள் போலிருக்கிறது. லாங் ஐலண்டில் இப்போது தெரியாதவன் நான் ஒருவன்தான்.

புறப்படும்போது லண்டூரி கூடை வாசலில் நின்றிருந்தாள். தூறல் போட்டிருந்தது, நனைந்திருந்தாள். அடுப்புப் பக்கம் தூக்கிப் போனால் வரமாட்டேன் என்கிறாள். உள்ளேயிருந்து சத்தம் வரும்போதெல்லாம் தலையைச் சாய்த்துக் கேட்கிறாள்.

தூரத்தில் புகை தெரிகிறது. கடல் நீ சொன்ன கனவில் வருவது மாதிரிதான் கிடக்கிறது, அசைவே இல்லை. எழுதி முடித்ததும் நானும் சட்டைப்பையில் கைவிட்டு இந்தக் காகிதத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டுதான் நிற்பேன்.

வீட்டுக்குப் போனதும் கூடையை நீ ஒரு பக்கம் பிடி, நான் ஒரு பக்கம் பிடிக்கிறேன். அவசரம் இல்லை. முதலில் நீ குளித்துச் சாப்பிடு.

ஜம்பு